தரையில் படாத சைக்கிள்

என் மச்சான் முனிரத்தினத்தின் வேண்டுதலைக் கெடுத்தவன் நான். தெரிந்தே கெடுத்தேன். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

முனிரத்தினம் என் மனைவியின் தம்பி. பள்ளிப்பட்டுப் பக்கம் மாடு வைத்து, சைக்கிளில் பால் ஊற்றிவந்தான். அவன் மகள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, அவள் எழுந்து உட்கார்ந்தால் திருத்தணி மலைக்குச் சைக்கிளிலேயே, கால் தரையில் படாமல் பால்குடம் கொண்டுவருவதாக வேண்டிக்கொண்டான். பெண் எழுந்து உட்கார்ந்தாள். மலை அப்படியேதான் நின்றது.

சர்க்கரை நோய்க்காக நான் சென்னையில் வாங்கிய கியர் சைக்கிள் வீட்டில் இருந்தது. (வாங்கிய நாள் முதல் அதில் ஏறியது தூசு மட்டும்தான்.) அதன் கியர் மலையேற்றத்துக்குப் போதாது. "பின்னாடி பெரிய பல்சக்கரம் போட்டுட்டா உன் மாடுகூட மிதிச்சி ஏறிடும்" என்று சொல்லி நானே மாட்டினேன்.

பல்சக்கரம் பெரிதானால் செயினும் நீளமாக வேண்டும். பழைய செயின், முன்பக்கம் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களில் சின்னதில் கிடந்தால் சமாளிக்கும். பெரியதில் கிடந்தால் எட்டாது. புதியது வாங்க மறுபடி சென்னைக்குப் போகவேண்டும். சோம்பல். எச்சரித்தால் என் வேலை அரைகுறை என்று ஆகிவிடும். கௌரவம். வாயைத் திறக்கவில்லை.

கிருத்திகையன்று காலை பால்குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு மலைச்சாலையில் ஏறினான். பக்கத்தில் நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"பாவா, வெண்ணெ மாதிரி போய்க்கினு கீது" என்றான். அக்கா புருஷன் அவர்கள் பக்கம் பாவா.

செங்குத்தான வளைவு வந்தது. செயின் முன்பக்கம் பெரிய பல்சக்கரத்திலேயே கிடக்க, பின் கியரைக் கடைசிவரை தள்ளினான். படாரென்று ஒரு சத்தம். செயினை இழுத்துப் பிடிக்கும் கை முறுக்கிக்கொண்டு சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தது. பால்குடம் விழாமல் காப்பாற்ற அவன் காலை ஊன்றினான்.

ஊன்றிய காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் வர்றது சாமிக்குப் புடிக்கல பாவா. பொண்ணுக்கு மறுபடியும் ஏதாவது..."

எனக்குத் தாங்கவில்லை. "சாமி இல்லடா முனி. நான்தான். செயின் பத்தாதுன்னு தெரியும். சொல்லல."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"நீங்கதானா?"

"ஆங்."

"சாமி இல்லியே?"

"இல்ல."

"அப்படின்னா சரி. நான் பயந்தே பூட்டேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். பால்குடத்தை அவிழ்த்து என் தலையில் வைத்தான். "கால் படாம வரேன்னு சொன்னேன். கால் பட்டுடுச்சி. இனிமே சைக்கிளு படாம வரட்டும்" என்று அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தான்.

எதிரே இறங்கிவந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். "அது இன்னா காவடிங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கியரு காவடிம்மா" என்றான் முனி.

அவள் சிரிக்கவில்லை. தன் தலைப்பூவைக் கிள்ளி ஹாண்டில்பாரில் சுற்றினாள். அதற்கப்புறம் கூட்டம் தானாக விலகியது. முன்னும் பின்னும் அரோகரா. காற்றில் முன்சக்கரம் மெல்லச் சுற்ற, ஒரு வளைவிலும் வேகம் குறையாமல் அவன் போய்க்கொண்டே இருந்தான். எடையும் சரிவும் கணக்குப் போட்டே சம்பளம் வாங்கிய எனக்கு அன்று கணக்கே தோன்றவில்லை. வாய் பிளந்தபடி, தலையில் பாலோடு பின்னால் போனேன்.

அடுத்த வாரமே சென்னைக்குப் போய்ச் சரியான செயினும் புதுக் கையும் வாங்கிவந்து பொருத்தி, சைக்கிளை அவனுக்கே கொடுத்தேன். மகள் அதில்தான் பள்ளிக்கூடம் போனாள். மலைக்கு மட்டும், வருடாவருடம் அது அவன் தோளில்தான் ஏறுகிறது. கியர் இப்போது அருமையாக வேலை செய்கிறது என்று எத்தனை சொல்லியும் கேட்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் மிக்சி புகைந்தாலும், முகூர்த்த நேரத்தில் மழை கொட்டினாலும் யாராவது கேட்டுவிடுவார்கள்: "சாமியா, பாவாவா?"

நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், மழைக்கும் சேர்த்து. சாமி என்று சொன்னால் யாராவது பயந்துவிடுவார்கள்.