பச்சை விளக்கு தேடிய வீடு

புது ரவுட்டரின் பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. நிலைத்து நிற்கமாட்டேன் என்று ஒரே அடம். மதியத் தூக்கக் கலக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்த கிளை மேலாளருக்கு, அது யாரையோ தேடிக் கண் சிமிட்டுவது போலிருந்தது.

தலைமை அலுவலகத்தோடு கணினிகளை இணைக்க, போன் போலவே எண்ணை டயல் செய்து இணையும் ஐ.எஸ்.டி.என். லைன் கேட்டு அலைந்தவர் அவர்தான். அப்பப்பா, எத்தனை படிவம்! எல்லாவற்றிலும் தொலைபேசி எண் கேட்டார்கள். வீட்டு எண்ணை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஒருவழியாக லைன் வந்தது. ரவுட்டரை அவரே அமைத்தார். இணைப்பு மட்டும் வரவில்லை. லைன் மாட்ட வந்த லைன்மேன் கணினித் திரையில் ரவுட்டரின் அமைப்பைப் பார்த்தார், வெளியே போய் யாருக்கோ போன் பேசினார், "ரெண்டு நாள்ல சரியாயிடும் சார்" என்று கிளம்பிவிட்டார்.

வீட்டிலும் இணைப்பு இல்லை. "உன் வாய்க்கு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சே பத்தாது" என்று மனைவியின் தங்கைகள் முன்னால் உளறியிருந்தார் மனுஷன். அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். அவள் குரல் இல்லாத வீடு அவருக்குத் தாங்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்க நாக்கு எழுந்தால்தானே?

தலைமை அலுவலகம் கத்தியது. கிடைக்காவிட்டால் மறுபடி டயல் செய்யும்படி ரவுட்டரை மாற்றினார். பிறகு இடைவெளியே இல்லாமல். பிறகு லைனின் இரண்டு வழிகளிலும் மாறி மாறி. விளக்கு இன்னும் வேகமாகச் சிமிட்டியதுதான் மிச்சம்.

மாலையில் மனைவி வாய் திறந்தாள்.

"எதுக்கு இத்தனை தடவை போன் பண்றீங்க? எடுத்தா பேச்சே இல்ல, காத்து மாதிரி ஒரு இரைச்சல். சரி, உங்களுக்குப் பேச வரலைன்னு நானே பேசிட்டிருந்தேன்."

அவர் போன் செய்யவே இல்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட மயக்கத்தில், "ம்" என்று தலையாட்டி வைத்தார்.

மறுநாள் ரவுட்டரின் அமைப்புத் திரையைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைமை அலுவலக எண் இருக்கவேண்டிய இடத்தில் அவர் வீட்டு எண்! பழகிய கை பார்த்த வேலை.

மாற்றினால் வீட்டில் மணி நின்றுவிடும். அவளும் மறுபடி ஊமையாகிவிடுவாள். லைன்மேன் வந்தபோது, நம்பரை மாற்றாமல் கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் மேலாளர் கெஞ்சினார். தலைமை அலுவலகமோ, இன்றைக்குள் இணைப்பு வராவிட்டால் வேறு மேலாளர் வருவார் என்றது.

வேறு வழியில்லை. வீட்டுக்கு டயல் செய்தார். எங்கேஜ்டு. ரவுட்டர் முந்திக்கொண்டிருந்தது. அதன் கம்பியைப் பிடுங்கிவிட்டு மறுபடி அழைத்தார்.

"நான்தான். நெஜமாவே நான்தான். அன்னிக்குச் சொன்னது தப்பு. நீ பேசாம என்னால இருக்க முடியல."

மறுமுனையில் அவள் பேச ஆரம்பித்தாள், பேசிக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறிகூட எங்கோ தூரத்தில் சுற்றுவது போலிருந்தது.

ரிசீவரை வைத்தபின், "இப்ப நம்பரை மாத்திடுங்க" என்றார் லைன்மேனிடம்.

லைன்மேன் சிரித்தார். "அன்னிக்கே மாத்தியிருப்பேன் சார். திரைல இருந்தது யார் நம்பர்னு கூப்பிட்டுக் கேட்டேன், உங்க வீட்டம்மா எடுத்தாங்க. 'மெஷின் கூப்பிட்டா கூப்பிடட்டும், அவரா ஒரு தடவை கூப்பிடுற வரைக்கும் கை வைக்காதீங்க'ன்னுட்டாங்க."