இருநூறு கபுஸ்தாக்கள்

மார்ச் பதின்மூன்றாம் தேதி காலை ஒன்பது மணி நிலவரப்படி வூல்கா தெம்ப்னா கிராமத்தில் இருநூற்று முப்பத்தொரு பேர் குடியிருந்தார்கள். அவர்களில் கபுஸ்தா என்ற குடும்பப்பெயர் உடையோர் சரியாக இருநூறு பேர். எண்ணியவர் ஊராட்சித் தலைவர் ரொமுவால்த் ஹாவ்ரிலுக். இரண்டு முறை எண்ணினார். இரண்டு முறையும் இருநூறுதான் வந்தது. அதன்பின் அவர் கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் விசிலடித்ததாக அலுவலக வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.

கபுஸ்தா என்றால் எங்கள் மொழியில் முட்டைக்கோஸ். வேறு அர்த்தம் கிடையாது. ஒரு காலத்தில் இந்த ஊரார் பண்ணை மாளிகைக்குக் கோஸ் பயிரிட்டுக் கொடுத்தார்கள். குடிமக்கள் எல்லாருக்கும் குடும்பப்பெயர் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, எழுத வந்த குமாஸ்தா வயலைப் பார்த்தார், வானத்தில் திரண்ட மழையைப் பார்த்தார், எல்லாருக்கும் ஒரே பெயரை எழுதிவிட்டு வண்டியேறினார். ஊரில் சொல்லப்படும் வரலாறு இவ்வளவுதான். கபுஸ்தாக்கள் நாடு முழுக்க ஆங்காங்கே இருக்கிறார்கள். இவ்வளவு நெருக்கமாக விளைந்தது இங்கேதான்.

எல்லாரும் கபுஸ்தா என்பதால் யாரும் யாரையும் கபுஸ்தா என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆகையால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஸ்வீடன் வீடு, பீப்பாய் வீடு, மூக்கு வீடு. தபால்காரர்கூட அப்படித்தான் கடிதம் பிரிக்கிறார்.

ஊருக்கு ஒரு குறை இருந்தது. பெரிய சாலையிலிருந்து ஊரின் கடைசி வீடுவரை இரண்டு கிலோமீட்டர் மண் சாலை. பனி உருகும் மாதத்தில் அது சாலை அல்ல, கூழ். தார் கேட்டுப் பத்தொன்பது ஆண்டுகளாக மனு போட்டார்கள். "வாகனப் போக்குவரத்து குறைவாக இருப்பதால் தார் அவசியமில்லை" என்று மாகாண அலுவலகம் பதில் போட்டது. தார் இல்லாததால்தான் வாகனம் வருவதில்லை என்று திருப்பி எழுதினார்கள். "தங்கள் கருத்து கோப்பில் சேர்க்கப்பட்டது" என்று வந்தது. அந்தக் கோப்பு நல்ல உடல்நலத்துடன் வளர்ந்து வந்தது.

அந்த மார்ச் மாதம் மாகாண அலுவலகம் 'வாழும் குடும்பப்பெயர்ப் பாரம்பரியத் திட்டம்' என்ற ஒன்றை அறிவித்தது. நாட்டில் அப்போது எல்லாருக்கும் பூர்வீகம் தேடும் மோகம். பல் டாக்டர்கள்கூட வரவேற்பறையில் குலச் சின்னம் மாட்டியிருந்தார்கள். சுற்றறிக்கையின் நான்காம் பிரிவு இப்படிச் சொன்னது: "ஒரே குடும்பப்பெயர் உடையோர் இருநூறு பேருக்குக் குறையாமல் வாழும் ஊர், அப்பெயரின் தலைநகராக அறிவிக்கப்படும். பார்வையாளர்கள் மேற்படிப் பெயரைச் சென்றடையும் பொருட்டுப் பாரம்பரியப் பாதை அமைத்துத் தரப்படும். பாதை தாரால் அமையலாம்." நேரடி ஆய்வு ஜூன் முப்பதாம் தேதி.

சாலையாகக் கிடைக்காதது பாரம்பரியமாகக் கிடைக்கும் என்பதைத் தலைவர் உடனே புரிந்துகொண்டார். ஆனால் இருநூறு என்பது இருநூறு. ஒரு கபுஸ்தாவும் குறையக் கூடாது. பீப்பாய் வீட்டு தெயோஃபில் கபுஸ்தாவுக்கு வயது தொண்ணூற்றொன்று. அவருக்கு ஊராட்சிச் செலவில் தினமும் கோழி சூப் போனது. கொண்டுபோனவர் சாட்சாத் தலைவரே.

"எப்படி இருக்கீங்க பெரியவரே?"

"இருக்கேன். ஏன், போகணுமா?"

"ஐயோ, வேண்டாம். ஜூன் முப்பது வரைக்கும் இருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

ஏப்ரல் பதினொன்றாம் தேதி ஸ்வீடன் வீட்டு கிங்கா கபுஸ்தா, மாவட்டத் தலைநகரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், தன் காதலன் நோர்பெர்த் ஸலெஸ்கியுடன் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தாள். ஜூன் பத்தாம் தேதி கல்யாணம். கல்யாணத்துக்குப் பின் கணவன் பெயரை அதன் பெண்பால் வடிவில் ஏற்று கிங்கா ஸலெஸ்கா ஆவதாக எழுதிக் கொடுக்க வந்திருந்தாள். பதிவாளர் பொஜேனா ஃப்ளிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"கல்யாணம் நல்ல விஷயம்தான் கிங்கா. பெயரை எதுக்கு அவசரமா மாத்தணும்?"

"அவசரமா? இருபத்தெட்டு வருஷமா காத்திருக்கேன் அக்கா. பள்ளிக்கூடத்துல என்னைப் பார்த்தா உப்பு போடட்டுமான்னு கேப்பானுங்க. கடை போர்டுல கிங்கா கபுஸ்தான்னு எழுதினேன். ஒரு அம்மா கூடையோட உள்ள வந்து கிலோ என்ன விலைன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"விலை சொன்னேன். ஜாஸ்தின்னு போயிட்டாங்க."

உள்ளறையிலிருந்து தலைவர் வந்துவிட்டார். விண்ணப்பத்தை எடுத்துப் படித்தார். முகம் கோஸ் வெந்த தண்ணீர்போல ஆயிற்று.

"கிங்கா, உன் ஒருத்தியால ரெண்டு கிலோமீட்டர் போகுது, தெரியுமா?"

"நான் பெயரை மாத்தினா காணாமப் போற ரோடு, அது என்ன ரோடு தலைவரே?"

தலைவர் நோர்பெர்த் பக்கம் திரும்பினார். நோர்பெர்த் டயர் கடை வைத்திருக்கும் அமைதியான ஆள்.

"தம்பி, நீங்க கபுஸ்தா ஆயிடுங்களேன். பொண்டாட்டி பெயரை ஏத்துக்கச் சட்டத்துல இடம் இருக்கு. முற்போக்காவும் இருக்கும்."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நம்பர் தர்றேன்."

தலைவர் பேசினார். உரையாடல் பதினொரு விநாடி நீடித்தது. பிறகு அவர் அந்த யோசனையைத் திரும்பவும் எடுக்கவில்லை.

சட்டப்படி விண்ணப்பத்தை மறுக்க முடியாது. ஆகவே தலைவர் அறிவின் துணையை நாடினார். லூப்ளின் நகரிலிருந்து ஒரு பூர்வீக ஆராய்ச்சியாளர் வரவழைக்கப்பட்டார். அவர் இரண்டு நாள் தங்கி, நாற்பது பக்கத்தில் ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். அதன்படி கபுஸ்தா என்பது காய்கறியே அல்ல. லத்தீன் மொழியில் தலை என்ற சொல்லிலிருந்து வந்தது. எனவே கபுஸ்தாக்கள் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர்கள். அட்டையில் குலச் சின்னம்: நீல வானம், இரண்டு வாள், நடுவே பச்சையாக ஓர் உருண்டை.

நூல் வெளியீட்டு விழாவில் மூக்கு வீட்டு யுஸ்தினா கையைத் தூக்கினாள்.

"ஐயா, அந்தப் பச்சை உருண்டை என்னது?"

"வீரத்தின் குறியீடு அம்மா."

"எங்க வீட்டுல ரெண்டு பீப்பாய் வீரம் உப்புல ஊறப்போட்டிருக்கேன். போகும்போது ஒரு ஜாடி எடுத்துட்டுப் போங்க."

ஆராய்ச்சியாளர் இரண்டு ஜாடி எடுத்துப் போனார்.

நூலின் முதல் பிரதி கிங்காவுக்கு அனுப்பப்பட்டது. அவள் அதைக் கடையில் வைத்தாள். சாயம் காயக் காத்திருப்பவர்கள் படித்துச் சிரித்தார்கள். ஊரார் முறை வைத்து அவள் வீட்டுக்கு வந்து கெஞ்சினார்கள். கிங்காவின் அப்பா செஸ்வாவுக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை.

"ரோடு வந்தாத்தான் கல்யாணக் கார் சேத்துல மாட்டாது. ஆனா கல்யாணம் நடந்தா ரோடு வராது. நான் எதுக்குன்னு வேண்டிக்கிறது?" என்றார் அவர்.

"மழை வரக்கூடாதுன்னு வேண்டிக்கங்கப்பா," என்றாள் கிங்கா.

ஜூன் பத்தாம் தேதி மழை பெய்தது.

கல்யாணக் கார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் வழியில் அக்கம்பக்கத்தார் பூக்கட்டிய கயிற்றை வழியில் பிடித்து மறிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை இறங்கி ஓட்கா பாட்டில் கொடுத்தால் கயிறு இறங்கும். அன்று மூன்று கயிறுகள் இருந்தன. முதல் இரண்டும் முறைப்படி இறங்கின. மூன்றாவது கயிற்றின் ஒரு முனையைத் தலைவர் பிடித்திருந்தார். மறுமுனை அவருடைய டிரைவர் கையில். கார் நின்ற இடத்திலேயே சக்கரம் பாதி புதைந்தது. நோர்பெர்த் பாட்டிலை நீட்டினான்.

"ஓட்கா வேண்டாம் தம்பி," என்றார் தலைவர். மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "பெயரை மாத்தலைன்னு பொண்ணு ஒரு கையெழுத்து போட்டா போதும். ஜூலையில வந்து மாத்திக்கலாம். நானே ஸ்டாம்பு வாங்கித் தர்றேன்."

கிங்கா கண்ணாடியை இறக்கினாள்.

"தலைவரே, நூலை நான் படிச்சேன். தலை, தலைமை, ரெண்டு வாள். இவ்வளவு உசந்த பெயர் எனக்கு எதுக்கு? இந்த ஊர்ல தலைமை தாங்கறவர் நீங்கதான். நீங்களே வெச்சுக்குங்க."

கயிற்றின் மறுமுனையில் இருந்த டிரைவர் சிரித்துவிட்டார். அதில் கயிறு தரையில் விழுந்தது. ஊரார் காரைத் தள்ளினார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிங்கா ஸலெஸ்கா ஆனாள். கபுஸ்தாக்கள் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் ஆனார்கள்.

தலைவர் மழையில் நின்று யோசித்தார். அவர் வீடும் வூல்கா தெம்ப்னாவில்தான் இருந்தது. பெரிய சாலையிலிருந்து வந்தால், பச்சைக் கேட் போட்ட ஊரின் முதல் வீடு. திங்கட்கிழமை காலை பதிவாளர் மேஜை முன் அவரே விண்ணப்பத்துடன் உட்கார்ந்திருந்தார்.

"சட்டத்துல கேலிக்குரிய பெயரை விட்டு வெளியே போக வழி இருக்கு," என்றார் பொஜேனா. "உள்ளே வர வழி இல்லீங்களே."

"கேலின்னு யாரு சொன்னது? நூலைப் படிச்சீங்களா இல்லையா?"

"சரி. வீட்டுல கேட்டீங்களா?"

"அவ அவ பெயரை மாத்த மாட்டாளாம். தனியா படுத்துக்கோன்னா."

ஜூன் பத்தொன்பதாம் தேதி ரொமுவால்த் ஹாவ்ரிலுக் மறைந்தார். ரொமுவால்த் கபுஸ்தா உதித்தார். எண்ணிக்கை மறுபடி இருநூறு. ஊர் மனதார மகிழ்ந்தது. வேறு எந்தப் பட்டப்பெயரும் இல்லாத ஒரே கபுஸ்தா அவர்தான் என்பதால், அன்று மாலையே கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவருக்குக் கபுஸ்தா என்பதே பட்டப்பெயர் ஆயிற்று. "கபுஸ்தா கார்ல போறாரு." "கபுஸ்தாகிட்ட மனு குடுத்தியா?" ஊருக்கு அது அலுக்கவே இல்லை.

ஆய்வாளர் இக்னாத்ஸி பாஜிக் ஜூன் முப்பதாம் தேதி வரவில்லை. இருபத்தேழாம் தேதி வந்தார். மக்கள் இயல்பாக இருக்கையில் ஆய்வு செய்ய வேண்டும் என்பது ஏழாம் பிரிவு. வேறு ஊர்களில் பதிவேடுகளில் தில்லுமுல்லு நடந்திருந்ததால் பதிவேட்டைப் பார்க்கக் கூடாது, வாழும் பெயரை மக்கள் வாயால் கேட்டே எழுத வேண்டும் என்பது எட்டாம் பிரிவு. தலைவர் அன்று வரவேற்பு வளைவு அச்சடிக்க வெளியூர் போயிருந்தார்.

பாஜிக் காரை முதல் பள்ளத்தில் விட்டுவிட்டு, கையில் டேப்லெட்டுடன் நடந்தே வீடு வீடாகப் போனார். முதலில் கதவு திறந்தது மூக்கு வீடு.

"வணக்கம். இங்க கபுஸ்தா இருக்காங்களா?"

யுஸ்தினா அவர் சட்டையைப் பார்த்தாள், டேப்லெட்டைப் பார்த்தாள். டி.வி., ரேடியோ வரி கட்டாதவர்களைத் தேடி வந்த ஆள் என்று முடிவு செய்தாள்.

"கபுஸ்தாவா? இங்க இல்லீங்க. இது மூக்கு வீடு."

"அடுத்த வீட்டுல?"

"அது பீப்பாய் வீடு. கபுஸ்தா வேணும்னா ஊர் முனையில, பச்சைக் கேட். அவரு ஒருத்தர்தான்."

பீப்பாய் வீட்டில் தெயோஃபில் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, உங்க குடும்பப்பெயர் கபுஸ்தாவா?"

தெயோஃபிலிடம் டி.வி. மட்டுமல்ல, இரண்டு ரேடியோவும் இருந்தன.

"நான் பீப்பாய். எங்கப்பா பீப்பாய். கபுஸ்தாவை இப்பதான் பார்த்தேன், கார்ல போனாரு. நல்ல மனுஷன். சூப் தருவாரு."

ஸ்வீடன் வீட்டில் செஸ்வாவ் மட்டும் தயங்கினார்.

"இருந்தாங்க. ஜூன் பத்தோட போயிட்டாங்க," என்றார். அவர் மகளைச் சொன்னார். ஆய்வாளர் அதை மரணம் என்று குறித்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினார்.

அறுபத்திரண்டு வீடுகளில் விசாரிக்கப்பட்டது. எல்லா வீடுகளும் ஒரே பச்சைக் கேட்டைக் காட்டின. அரசு ஆய்வு ஒன்றில் இத்தனை ஒருமித்த வாக்குமூலம் இதற்குமுன் கிடைத்ததில்லை என்று பாஜிக் தன் அறிக்கையில் பாராட்டினார். வூல்கா தெம்ப்னாவில் கபுஸ்தா என்ற பெயரின் பரவல்: ஒன்று.

தலைநகர்ப் பட்டம் நிராகரிக்கப்பட்டது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் அடையாள அட்டையின் நகலை இணைத்து மறுப்பு அனுப்பினார்கள். தாங்களும் கபுஸ்தாக்களே என்று கையெழுத்திட்டார்கள்; பழக்கதோஷத்தில் பாதிப் பேர் பட்டப்பெயரையும் சேர்த்து எழுதினார்கள். "ஆய்வின்போது தாங்கள் தங்கள் வாயால் தெரிவித்ததற்கு மாறாக உள்ளது. கருத்து கோப்பில் சேர்க்கப்பட்டது" என்று பதில் வந்தது.

ஆனால் அரசு இரக்கமற்றது அல்ல. திட்டத்தின் பதினான்காம் பிரிவு, அழியும் நிலையில் உள்ள குடும்பப்பெயர்களைப் பாதுகாப்பது பற்றிப் பேசியது. கடைசியாக எஞ்சிய ஒருவரைப் பார்வையாளர்கள் சென்றடையப் பாதை அவசியம் என்று கண்டறியப்பட்டது. அக்டோபரில் எந்திரங்கள் வந்தன. பெரிய சாலையிலிருந்து பச்சைக் கேட்வரை முந்நூற்றுப் பத்து மீட்டருக்குத் தார் போடப்பட்டது. அதற்கப்பால் கூழ். கேட்டின் அருகே ஒரு பலகை: 'கபுஸ்தா. பார்வை நேரம் பத்து முதல் நான்கு வரை.'

பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து அவரைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். ஒரு சிறுமி, தொடலாமா என்று ஆசிரியையிடம் கேட்டாள். தலைவரின் மனைவி அந்த நேரங்களில் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். கிங்கா ஸலெஸ்கா தன் கடையிலிருந்து அவருக்கு இலவசமாக முடி வெட்டிவிட ஆள் அனுப்பினாள். பார்வைக்கு வைக்கப்பட்டவர் கலைந்த தலையுடன் இருக்கக் கூடாதாம்.

பழைய பெயரைத் திரும்பத் தரும்படி ரொமுவால்த் கபுஸ்தா ஜனவரியில் விண்ணப்பித்தார். மறு ஆண்டு பிப்ரவரி ஆறாம் தேதி மாகாண அலுவலகம் அதை நிராகரித்தது. காரணம் என்ற இடத்தில், இனம் அழிந்துவிடும் என்று எழுதியிருந்தது.