தாட்சாயிணி கேட்ட வெர்ஷன்

இரண்டாவது முறை கம்ப்யூட்டர் மெக்கானிக் தமிழ்வாணன் கள்ளிக்குப்பம் வீட்டுக்குப் போனபோதும் தாட்சாயிணி அம்மாள் அதையேதான் சொன்னாள்.

"இது இல்லப்பா."

எது இல்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை அவள் தொட்டதே கிடையாது. அது கணவர் ரகுநாதனுடையது. ஆவடி ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனபின் தினமும் காலையில் அதன்முன் உட்கார்ந்துவிடுவார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். சும்மா கிடப்பதில் தான் ஆன்லைன் டியூஷன் எடுக்கலாமே என்று மருமகள் ஷர்மிளாதான் புது விண்டோஸ் வெர்ஷன் போடச் சொல்லியிருந்தாள்.

முதலில் விண்டோஸ் பத்து போட்டான். காய் நறுக்கிக்கொண்டிருந்த தாட்சாயிணி நிமிர்ந்து, இது அவருடையது இல்லை என்றாள். பெட்டியையே மாற்றிவிட்டதாக நினைக்கிறாளோ என்று பயந்து, பக்கவாட்டில் ரகுநாதன் ஒட்டியிருந்த முருகன் ஸ்டிக்கரைக் காட்டினான். திரையில் பழைய படத்தையே வைத்துக் கொடுத்தான். அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டாள்.

எட்டு போட்டான். பிரிண்டர் நின்றது. அதுவும் இல்லையாம். ஏழு போட்டான். கேமரா நின்றது. இந்த முறை அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதுவும் இல்ல. ஆனா கிட்ட வந்துட்டேப்பா."

கடை முதலாளி யூசுப் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல அல்லாரும் மேல மேல போறாங்க. அந்தம்மா இன்னாடா, கீழ போய்கினே கீறாங்க?"

தமிழ்வாணனுக்கும் புரியவில்லை. ஒன்பது வருஷத் தொழிலில் இப்படித் தோற்றதில்லை என்ற வருத்தம் வேறு. செத்த கீபோர்டுகளுக்கு அடியில் துழாவி, ஏழுக்கும் முந்தைய, கீறல் விழுந்த எக்ஸ்பி சிடியை எடுத்துக்கொண்டு போனான். இதைப் போட்டால் நெட் சரியாக வராது, டியூஷனை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஷர்மிளாவிடம் தெளிவாகச் சொன்னான். அவள் இளைத்துப்போன மாமியாரைப் பார்த்தாள்.

"மூணு மாசத்துல இப்பதாண்ணா அத்தை ஒண்ணு வேணும்னு கேக்கிறாங்க. போடுங்க."

போட்டான். திரை வெளிச்சமானது. ஸ்பீக்கரில் ஒரு சின்ன டியூன் வந்து அடங்கியது. தாட்சாயிணி எழுந்து சமையலறைக்குப் போனாள். இதுவும் இல்லை போலிருக்கிறது என்று அவன் சோர்ந்து உட்கார்ந்திருந்தான். நெட் வரவில்லை. பிரிண்டர் வரவில்லை. தேதி மட்டும் சரியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் நுரை ததும்பும் காபியோடு வந்தாள். மவுஸுக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி உள்ளே போனாள். முகம் தெளிந்திருந்தது. ஒருவழியாகப் பிடித்துவிட்டது என்ற நிம்மதியில் தமிழ்வாணன் டம்ளரை எடுக்கக் கை நீட்டினான்.

ஷர்மிளா மெல்லத் தடுத்தாள். "அது உங்களுக்கு இல்லண்ணா. காலைல மாமா கம்ப்யூட்டர் போட்டா இந்தச் சத்தம்தான் வரும். அதைக் கேட்டுதான் அத்தை அவருக்குக் காபி கலப்பாங்க."