வெறும் வயிற்றில் வரவும்

"மறுபடியும் சாப்புட்டீங்களா?"

தீர்த்தகிரி வாயைத் துடைத்துக்கொண்டார். "மாரியம்மன் கூழு. கண்ணம்மாளு செம்போட நீட்டுது. வேணாம்னா சாமி குத்தமில்லயா?"

அவர் மனைவி யுவராணி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேண்டுமென்று அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். பக்கத்து வீட்டுக் கூழை எந்தப் பூட்டால் பூட்டுவது?

அவர் ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருந்தது. அவருடைய அண்ணன் மாதுவுக்கும் இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. வயிறு வீங்கிய பிறகு பார்த்தார்கள். கல்லீரலில் புற்று. அந்த வருடக் கேழ்வரகை அறுக்க ஆள் இல்லை.

"தினம் மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். கட்டி வந்தாலும் சின்னதிலேயே பிடிச்சிடலாம். வீட்ல இருக்கறவங்களும் ரத்தம் பார்த்து தடுப்பூசி போட்டுக்கணும்" என்றார் டாக்டர். முன்பாதியை யுவராணி வேதமாக எடுத்துக்கொண்டாள். பின்பாதிக்கு, "எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறேன்" என்று எழுந்துவிட்டாள்.

"ஸ்கேனுக்கு வரச் சொல்றாங்க. நான் போவல" என்று அவரே வந்து சொன்ன நாளிலிருந்து இந்தப் பாடு.

ஆடி அமாவாசை வந்தது. அண்ணனுக்குப் படைத்து, காக்கை சோறெடுத்த பிறகுதான் அவர் வாயில் தண்ணீர்கூடப் படும். அவர்கள் வீட்டுக்குக் காக்கை உச்சிக்கு முன் வந்ததேயில்லை. அதற்குள் அவரை அனுப்பி ஸ்கேனை முடித்துவிடலாம்.

விடிந்து பார்த்தால் மனிதர் தானே சோறு பொங்கி, மாடியில் வைத்துவிட்டு, இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காக்கா வந்திருச்சு. அண்ணன் பசின்னு வந்தா நான் என்ன பண்றது?"

"உங்கண்ணன் உசுரோட இருந்தப்பவே பத்து மணிக்குத்தான் எந்திரிப்பாரு."

அடுத்த வாரம் தானும் பட்டினி கிடந்து, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள். தொப்பூரில் லாரி கவிழ்ந்ததால் பஸ் வரவில்லை. அதியமான்கோட்டை நிறுத்தத்தில் போண்டா வாசம் குடலைப் பிடுங்கியது.

"நீ ஒன்னு சாப்புடேன். உனக்கு வெறும் வயிறு வேணாம்."

"பேசாதீங்க."

தருமபுரி ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது அவளுக்குக் கண் இருட்டியது. நர்ஸ் மலர்விழியின் முன் அவரைத் தள்ளி நிறுத்தினாள்.

"ஓடிப்போறதுக்குள்ள ஸ்கேன் எடுத்துடுங்கம்மா."

மலர்விழி அவரை விட்டுவிட்டு யுவராணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அவரு ஆனி மாசமே வந்து எடுத்துட்டுப் போயிட்டாருக்கா, ஈரல் நல்லாருக்கு, ஊசின்னா நீங்க வரமாட்டீங்க, தன்ன இழுத்துட்டு வரணும்னாத்தான் வருவீங்கன்னு சொன்னாரு, கைய நீட்டுங்க."