இருநூறு புழுக்களின் பணி நியமனம்

மனிதகுலத்தைப் புழுக்களிடமிருந்து காப்பாற்றிய பெருமை முழுவதும் அந்த மருத்துவமனையின் 'புதிய சிகிச்சை ஒப்புதல் குழு'வையே சேரும். அதன் உறுப்பினர் எழுவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால், கிருமிகூட முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே வரும்.

இந்த மேதைகளிடம் விண்ணப்பம் நீட்டத் துணிந்தவர், எல்லோரும் 'புழு டாக்டர்' என்று அழைத்த ஆராய்ச்சியாளர் அம்மா. ஒன்பது வருடமாக மாடி ஆய்வகத்தில் ஈ வளர்க்கிறார். கிருமி நீக்கிய முட்டையிலிருந்து வரும் குட்டிப் புழுக்களை ஆறாத புண்ணில் விட்டு வலைத்துணி கட்டினால், மூன்றே நாளில் அழுகலைத் தின்று புண்ணைச் சுத்தமாக்கிவிடும். கேட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவருடைய அக்கா மட்டும், தங்கைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "ஏதோ பண்ணை மாதிரி" என்று சொல்லி வந்தாள்.

கீழ்த்தளத்தில் ஆறாம் படுக்கையில் ஒரு தையல்காரர். சர்க்கரை நோய், இடது பாதத்தில் ஆறாத புண். வெள்ளிக்கிழமை காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதென்று நாள் குறித்தாயிற்று. புழு டாக்டர் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"மூணு நாள் தின்னுட்டு, தானா கிளம்பிடுமாம்மா?"

"நானே எடுத்துடுவேன்."

"அப்ப என் மச்சானுக்கு இது எவ்வளவோ மேல். விடுங்கம்மா."

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. புழுவை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பதே முதல் கேள்வி.

"மருந்துன்னா, மாத்திரையா ஊசியா?" என்றார் தலைவர்.

"புழு, ஐயா."

"கருவின்னா, வேலை முடிஞ்சதும் கொதிக்க வெச்சு, எண்ணி ஸ்டோர்ல திருப்பிக் குடுக்கணும்" என்றார் ஸ்டோர் அதிகாரி.

"தின்னு பருத்திருக்குமே! வாங்கினது வேற, குடுக்கறது வேறன்னு தணிக்கையில கேப்பாங்களே?" என்றார் சட்ட ஆலோசகர்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தெளிவு பிறந்திருந்தது. "வேலை பாக்குதுல்ல? மூணே நாள்தானே? அப்ப தற்காலிக ஊழியர்!"

மேசையைத் தட்டி வரவேற்றார்கள். ஊழியர் இருநூறு பேருக்கும் உடல்தகுதிச் சான்று தேவை, அதுவரை அவர் கொண்டுவந்த புழுக்குப்பி குழுவின் பாதுகாப்பில் இருக்கும் என்று தீர்மானம் நிறைவேறியது.

"இன்னிக்கே கட்டணும் ஐயா. வெள்ளிக்கிழமை கால் போயிடும்."

"பதறாத காரியம் சிதறாதும்மா."

குப்பியின் வாயில், மூச்சுக்காக வலை கட்டியிருந்தது. ஸ்டோர் அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை. ஊழியர் யாராவது தப்பி ஓடிவிட்டால் யார் பொறுப்பு? வலைமேல் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"ஐயோ, மூச்சு முட்டிச் செத்துடும்!"

"முத்திரையத் தொட்டா ஒழுங்கு நடவடிக்கை வரும்மா."

வியாழக்கிழமை குழு மறுபடி கூடி முத்திரையை உடைத்தது. குப்பிக்குள் இருநூறும் கிடந்த கிடையாகக் கிடந்தன.

"ஒண்ணுகூட அசையலையே. வேலை நேரத்துல தூக்கமா?" என்று தலைவர் வருந்தினார். 'பணியில் ஆர்வமின்மை' காரணமாக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எழுவரும் கையெழுத்திட்டார்கள்.

புழு டாக்டர் அறுவை மருத்துவரிடம் ஓடினார். அடுத்த புழுக்கள் திங்கட்கிழமை தயாராகிவிடும், கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று கெஞ்சினார்.

"புழுவுக்காகப் பொறுக்கறதும் புது முறைதானேம்மா. அதையும் குழுவுல வெச்சுடுங்க. அடுத்த மாசம் கூடுது."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு நிமிடம்கூடத் தவறாமல், அறுவை சிகிச்சை தொடங்கியது. அந்த மருத்துவமனையின் நேரந்தவறாமையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

மறுநாள் புழு டாக்டர் ஆறாம் படுக்கையருகே போய் நின்றார். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிக் கிடந்தது.

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்று தையல்காரரே ஆறுதல் சொன்னார். பிறகு, "ஒரு சந்தேகம். புழு வெக்கிறதுக்கு ஏழு பேர் ரெண்டு தடவை கூடினாங்கன்னீங்களே. காலை எடுக்கறதுக்கு எத்தனை பேர் கூடினாங்க?"

புழு டாக்டர் நோயாளிக் கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"யாரும் கூடல. ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கு."

"யாரோடதும்மா?"

"உங்களோடது."