தூணில் சாய்ந்து நிற்கும் மீசைக்காரருக்கு ஒரு பகிரங்க முறைப்பாடு

தூணில் சாய்ந்து நிற்கிற மீசைக்காரரே, உம்மைத்தான் சொல்கிறேன். எல்லாத்துக்கும் நீர்தான் காரணம்!

நீர் ஆரென்று எனக்குத் தெரியாது. பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு முதல், வேல்ஸில் ஒரு சின்னச் சுரங்கத் தொழிலாளர் மண்டபத்தில், ஆரோ படம் எடுக்கிற நேரம் பார்த்து முகத்தை முக்கால்வாசி மற்றப் பக்கம் திருப்பினீரே... மிச்சக் கால்வாசியால் நான் படுகிற பாடு கொஞ்ச நஞ்சமில்லை.

மற்ற ஆக்களுக்கும் விளங்க வேணும். முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தக் கதை தொடங்கின அன்றைக்கு என் வேலை சின்ன வேலை. லைப்சிக்குக்குப் போய் ஒரு போஸ்டரை வாங்கிக்கொண்டு வருவது.

நான் ஜேர்மனியில், வுப்பர்டாலில் பழைய கடைச் சாமான் வாங்கி விற்கிறவன். ஃப்ரிட்ஜ், தராசு, கண்ணாடி அலுமாரி, எதுவென்றாலும். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் ஏமாந்து ஏமாந்து படித்ததுதான். இப்போது என்னை ஏமாற்ற ஏலாது. விலை சொன்னால் குறைக்காமல் விடமாட்டேன். குறைக்காவிட்டால் கோவம் வரும். கோவம் வந்தால் இன்னும் குறைப்பேன்.

லைப்சிக்கில் ஒரு பேக்கரி மூடுகிறார்கள், அவர்களின் கண்ணாடி அலுமாரியை ஏற்றப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டு யூர்கன் கூப்பிட்டார்.

யூர்கனுக்கு எழுபது வயது. முழங்கால் ஒப்பரேசன் செய்து, காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார். நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து அசூல் கேட்ட காலத்திலிருந்து எனக்கு வந்த கடிதம் முழுக்க வாசித்தது அவர்தான். அன்ட்ராக் என்று எந்தப் படிவம் வந்தாலும் அவர் நிரப்புவார், நான் கையெழுத்து வைப்பேன். அவர் ஒன்று கேட்டு நான் மாட்டேன் என்று சொல்ல ஏலாது.

அவருக்கு ஒரு விசர். ஒரு றொக் இசைக்குழு. பேரை நான் சொல்லவில்லை. நான் உச்சரிக்கிற விதத்தைக் கேட்டால் அவருக்குக் கால் இன்னும் நோகும். பெரிய ஸ்டேடியங்களில் பாடுகிற அந்தக் குழு ஒரே ஒரு முறை வேல்ஸில் சின்னச் சின்ன இடங்களாகப் பார்த்துப் பாடியதாம். றக்பி கிளப், பள்ளிக்கூட மண்டபம், பப் என்று மொத்தம் ஏழு இடம். யூர்கன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே திரிந்திருக்கிறார்.

ஆறு இடத்தில் உள்ளே போய்விட்டார். ஏழாவது மண்டபத்தில் ஆட்கள் நிறைந்து கதவைச் சாத்திவிட்டார்கள். மனுசன் மழைக்குள் யன்னலுக்குக் கீழே நின்று கேட்டிருக்கிறார்.

அவர் வீட்டுச் சுவரில் ஆறு போஸ்டர் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஏழாவது ஆணி வெறும் ஆணி. அதைப் பார்த்தபடிதான் காலமை கோப்பி குடிப்பார்.

அந்த ஏழாவது போஸ்டர் லைப்சிக்கில் ஊவே என்ற ஒருவரிடம் இருக்கிறது. கெஞ்சி, மன்றாடி, ஒரு மாதிரி விலை பேசி முடித்துவிட்டார். சனிக்கிழமை வுப்பர்டாலில் ரசிகர் ஒன்றுகூடல். எல்லாரும் தங்கள் ஞாபகங்களைச் சொல்ல, அதைப் புத்தகமாக்கப் போகிறார்கள். அதற்குள் போஸ்டர் வேணும்.

"பரம், விலை பேசி முடிஞ்சுது. நீ வாயே திறக்காதை. காசைக் குடு, நன்றி சொல்லு, வா."

"ஓம், ஓம்."

"சத்தியமா?"

என் மனுசி சாந்தி பக்கத்தில் நின்று சிரித்தாள். "யூர்கன், பார்க்கிங் தண்டம் எழுத வந்தவனிட்டயே அரைவாசிக்குக் கேட்ட மனுசன் இவர். நீங்கள் ஆரிட்ட சத்தியம் கேக்கிறீங்கள்?"

எனக்குக் கோவம் வந்தது. அந்தத் தண்டத்தில் நான் பேசியது நியாயம். அது வேற கதை.

லைப்சிக்கில் அலுமாரியை ஏற்றிவிட்டு, ஊவே வீட்டுக்கு மூன்று மாடி ஏறினேன். ஊவே ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, மெல்லிய குரல். பேர்லின் மதில் விழுந்த பிறகு அவர் முதன்முதல் போன வெளிநாட்டுப் பயணமே அந்த வேல்ஸ் பயணம்தானாம். மேசையில் கேக் வெட்டி வைத்திருந்தார். போஸ்டரை இரண்டு கையாலும், பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து விரித்தார்.

நல்ல சிவப்புப் போஸ்டர். என் கண்ணில் முதலில் பட்டது கிழிந்த மூலை. தொழில் பழக்கம்.

"மூலை கிழிஞ்சிருக்கே."

"ஓம். மண்டபக் கதவில ஒட்டியிருந்தது. என்ர கையால கழட்டினனான்."

"அப்ப கிழிச்ச ஆளே நீங்கள்தானே! கொஞ்சம் குறையுங்கோ."

ஊவேயின் முகம் மாறியது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். யூர்கனின் காசு அப்படியே என் பொக்கற்றில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் ஐந்து நிமிஷ அலுவல்.

"இதுக்கு விலை குறையாது," என்றார்.

"ஒரு கடதாசிக்கோ? இந்தக் காசுக்கு நான் ஃப்ரிட்ஜ் ஒண்டு வாங்குவன்!"

"அப்ப போய் ஃப்ரிட்ஜை வாங்கு."

சொல்லிக்கொண்டே போஸ்டரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். "நீ அந்த இசையை மதிக்கிற ஆளில்லை. உன்ர கையில இதைத் தரமாட்டன். யூர்கனுக்கு நான் சொல்லுறன்."

யூர்கன் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. வெறும் ஆணி கண்ணுக்குள் வந்தது.

எங்கள் ஆட்கள் வியாபாரத்தில் கடைசியாக எடுக்கிற ஆயுதம் ஒன்றிருக்கிறது. விலை படியாவிட்டால் மெல்ல ஊர் விசாரிப்போம். "நீங்கள் எவடம்? எந்த ஒழுங்கை? அட, அங்க என்ர மச்சாள் கலியாணம் கட்டியிருக்கு!" அதோடு ஆள் இளகிவிடுவார். இல்லாத மச்சாளைக்கூட நான் அவசரத்துக்கு உண்டாக்கியிருக்கிறேன். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

"ஊவே, நீங்கள் எந்த மண்டபத்தில நிண்டனீங்கள்?"

கை நின்றது. "ஏழாவதில. உள்ளுக்கு."

"அட! நானும் அங்கதானே!"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் காரணமில்லை.

ஊவே என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். ஒரு பழைய பட அல்பத்தோடு வந்தார். மண்டபம், சனம், புகை. கடைசி வரிசையில், தூணில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கறுத்த, மெலிந்த மீசைக்காரர்.

மீசைக்காரரே, அது நீர்.

"இந்த ஆளை நாங்கள் எல்லாரும் முப்பது வருஷமாத் தேடுறம். நீயோ இது?"

நான் ஓம் என்று சொல்லவில்லை. இது முக்கியம். நான் மீசையைத் தடவினேன், அவ்வளவுதான்.

"அப்ப சொல்லு. கடைசிப் பாட்டுக்கு முதல் என்ன நடந்தது?"

செத்தேன்! நான் வாழ்க்கையில் ஒரு றொக் நிகழ்ச்சிக்கும் போனதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே மேடைக் கச்சேரி எங்கள் கோயில் திருவிழாவில் பாடுகிற இசைக்குழு. அதில் ஒரு விஷயம் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் நடக்கும்.

"கரண்ட் போனது," என்றேன்.

ஊவே கதிரையில் இருந்துவிட்டார்.

"பிறகு?"

கரண்ட் போனால் சனம் வேறென்ன செய்யும்? "பிறகு... சனம் பாடினது."

அந்தப் பெரிய உடம்பு எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தது. மனுசன் தேம்பித் தேம்பி அழுதார். "உள்ள நிண்டவனுக்குத்தான் இது தெரியும்! உள்ள நிண்டவனுக்குத்தான்!"

எனக்கு மூச்சும் வரவில்லை, உண்மையும் வரவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் மின்னல் வேகம். போஸ்டருக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். சகோதரனிடம் காசு வாங்குவதா? என் வாழ்க்கையிலேயே இதைவிட மலிவாக நான் ஒன்றும் வாங்கியதில்லை. பெருமையில் நெஞ்சு கொஞ்சம் வீங்கியது. அதற்குள் தடித்த கறுப்புப் பேனையை எடுத்தார்.

"பொறுங்கோ, என்ன செய்யிறீங்கள்?"

எழுதிவிட்டார். போஸ்டருக்குக் குறுக்கே, கொட்டை எழுத்தில்: 'பரமுக்கு. உள்ளே நின்றவனுக்கு, உள்ளே நின்றவன் ஊவே.'

"இது... யூர்கனுக்கு..."

"யூர்கனுக்கு வேற ஒண்டு தேடுவம். பாவம், அவன் வெளியில நிண்டவன் தானே."

பிறகு என்னையும் உம்மட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபோனில் ஒரு படம். "சனிக்கிழமை நானும் வாறன். உன்னை எல்லாருக்கும் காட்டவேணும்!"

என் வான் வண்டியில் ஏறிக் கணக்குப் பார்த்தேன். யூர்கனின் போஸ்டரில் என் பேர். யூர்கனின் காசு என் பொக்கற்றில். பொலிஸ்காரன் பார்த்தால் இதற்குக் களவு என்றுதான் எழுதுவான்.

நெடுஞ்சாலையில் ஒரு தரிப்பிடத்தில் நிற்பாட்டி, எழுத்தை அழிக்கப் பார்த்தேன். ஈரக் கடதாசி சரிவரவில்லை. கண்ணாடி அலுமாரி துடைக்கிற மருந்து இருந்தது. அடித்தேன். மருந்து நல்ல மருந்து! போஸ்டரின் சிவப்பு முழுக்கத் துணியில் வந்துவிட்டது. என் பேர் மட்டும் ஒரு புள்ளி குறையாமல், வெள்ளைப் பின்னணியில் முந்தியைவிட வடிவாகத் தெரிந்தது.

அந்த நேரம் சாந்தி ஃபோன் எடுத்தாள். "யூர்கன் உங்களைத் தேடுறார். வந்த உடன வரட்டாம். குரல் ஒரு மாதிரி இருக்கு. என்னப்பா செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"எவ்வளவுக்குக் குறைச்சனீங்கள்?"

"...சும்மா தந்திட்டான்."

"ஐயோ கடவுளே!" என்று ஃபோனை வைத்துவிட்டாள். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினவள். சும்மா கிடைத்தது என்றால் விபரம் கேட்கத் தேவையில்லை.

யூர்கன் ஸ்டூலில் காலை நீட்டியபடி, கையில் ஃபோனோடு இருந்தார். ஃபோனில் நானும் நீரும். மேலே ஊவே ரசிகர் எல்லாருக்கும் எழுதியிருக்கிறார்: 'ஆள் கிடைத்துவிட்டார்!' கீழே எண்ணிமாளாத இருதயப் படங்கள்.

"வா பரம். இரு. உள்ள எப்பிடி இருந்தது?"

"...நல்ல வெக்கை."

"ஓஹோ. சத்தம்?"

"சத்தம் போதும் போதுமெண்டு."

"நான் மழைக்குள்ள நிண்டனான். நீ என்னைக் காணேல்லையோ?"

"யன்னல் கண்ணாடியில மழைப் புகார் மூடியிருந்தது."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. யூர்கன் மேசையில் கிடந்த பழைய ஃபைல் ஒன்றைத் தட்டினார்.

"அந்த வருஷம் நீ அசூல் கேட்டுக்கொண்டு அகதிகள் ஹைமில இருந்தனி. மாவட்டம் தாண்டினா தண்டம். டோர்ட்முண்டில உன்ர ஒன்றுவிட்ட தம்பியின்ர கலியாணத்துக்குப் போக அன்ட்ராக் எழுதினது நான். ஏலாது எண்டு மறுமொழி வந்து, நீ என்ர குசினியில இருந்து அழுதனி. கடிதம் இஞ்ச இருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "டோர்ட்முண்டுக்கு விடாதவங்கள் உன்னை வேல்ஸுக்கு விட்டவங்களோ?"

 போஸ்டரை விரித்தேன். யூர்கன் என் பேரையும், சிவப்புப் போன இடத்தையும் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு! முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நோ தாங்காமல் சிரித்தார்.

சிரித்து முடிந்ததும் மெல்லச் சொன்னார். "வெளியில நிண்ட எனக்கு லைற் போனதும் சனம் பாடின சத்தமும் மட்டும்தான் தெரியும். அந்த இருட்டுக்குள்ள என்ன நடந்தது எண்டு உள்ள நிண்ட ஒருத்தனிட்டக் கேக்கவேணும் எண்டு முப்பது வருஷ ஆசை. கடைசியில கடவுள் உன்னை அனுப்பியிருக்கிறார்."

அந்த ஒரு பேச்சுக்கு நான் எந்த விலையும் குறைக்கவில்லை. முழுதாக வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்கிறதென்று முடிவெடுத்தேன். மண்டபம் நிறைய வயது போன றொக் ரசிகர்கள். யூர்கன் ஊன்றுகோலோடு முன்வரிசையில். நான் மேடையில் ஏற, எழும்பி நின்று கை தட்டினார்கள்.

"நான் அங்க போகேல்லை," என்றேன்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

"உண்மையாத்தான்! படத்தில இருக்கிறது வேற ஆள்!"

"அண்டைக்கும் இப்பிடித்தான், ஃப்ரிட்ஜ் வாங்குவன் எண்டு பகிடி விட்டவர்!" என்று ஊவே கத்தினார். இன்னும் பெரிய கைதட்டல். எனக்குக் கோவம் வந்து மேசையில் குத்தினேன். அதற்கும் தட்டினார்கள்.

பொய் சொன்னபோது ஒருவன் அழுதான். உண்மை சொன்னபோது ஒருவனும் நம்பவில்லை. நான் என்ன செய்ய?

இறங்கி வந்தபோது ஊவே யூர்கனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, கையைப் பிடித்திருந்தார்.

"கரண்ட் போன உடன உள்ள எல்லாரும் வாயடைச்சுப் போனம். அப்ப வெளியில, யன்னலுக்குக் கீழ, ஆரோ ஒருத்தன் பாடிக்கொண்டிருந்தான். சுதி சுத்தப் பிழை. ஆனா நிப்பாட்டேல்லை. அவனைப் பிடிச்சுக்கொண்டுதான் நாங்கள் பாடத் தொடங்கினம். அது ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது."

யூர்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சுதி அவ்வளவு பிழையோ?" என்று கேட்டார்.

இப்போது ஏழாவது ஆணியில் போஸ்டர் தொங்குகிறது. என் பேருக்குக் கீழே ஊவே இன்னொரு வரி எழுதிவிட்டார்: 'யூர்கனுக்கு. வெளியே நின்று தொடக்கி வைத்தவனுக்கு.' அவர்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் பேசுகிறார்கள். நல்லது. சந்தோஷம்.

ஆனால் என் கதை? ஞாபகப் புத்தகத்தில் எனக்கு இரண்டு பக்கம். உம்மட படத்துக்குக் கீழே என் பேர். வருகிற ஆட்களிடம் யூர்கன் என்னைக் காட்டி, "உள்ள நிண்டவர்!" என்று சொல்லிக் கண்ணடிக்கிறார். சாந்தியோ இரவில் லைற்றை அணைக்கிற நேரமெல்லாம், "கரண்ட் போட்டுது, பாடுங்கோவன்," என்கிறாள்.

ஆகவே மீசைக்காரரே, எங்கே இருந்தாலும் வாரும். வந்து, 'அந்தத் தூணடியில் நின்றது நான்தான்' என்று நாலு பேருக்கு முன்னால் முழு முகத்தைக் காட்டிச் சொல்லும். உம்மட இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிடும்.

வருகிறதுக்கு என்ன கேட்டாலும் தருவேன். விலை பேசமாட்டேன்.