என் நிச்சயதார்த்தத்தை அழித்த புரொசீஜர்

தப்பு செய்பவனை ஊர் மன்னித்துவிடும். தப்பை மூடி மறைத்து, மேலே ‘நன்றி’ என்று எழுதி ஒட்டுபவனை மாமனார் மன்னிக்கமாட்டார். நான் இரண்டாவது ரகம்.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகத்தில் புரோகிராமர். கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் சிஸ்டம் எழுதிக் கொடுத்தேன். நம் மக்கள் மண்டபம் எடுத்த பிறகுதான் ஜோசியரைப் பார்ப்பார்கள். அதனால் தேதி மாற்றுவதற்கென்றே டேட்டாபேஸுக்குள் ஒரு புரொசீஜர், அதாவது ஒரு குட்டி நிரல். அதற்கு இரண்டே வேலை: பழைய தேதியை அழிப்பது, புதியதை எழுதுவது. இரண்டும் நடந்தால்தான் கமிட் செய்து உறுதிப்படுத்த வேண்டும். இரண்டாவது தவறினால் முதலாவதையும் ரோல்பேக் செய்து பழையபடி வைத்துவிட வேண்டும். (முதல் வருடப் பாடம் இது.) நானோ அழித்த கையோடு கமிட் செய்தேன். எர்ரர் வந்தால்? சிவப்பு எழுத்தைக் கண்டால் மண்டபத்து சரோஜா ஆன்டி பதறுவார் என்று, எது நடந்தாலும் ‘தேதி மாற்றப்பட்டது, நன்றி’ என்றே திரையில் வரவைத்தேன். அத்தனை இளகிய மனம் எனக்கு!

பிறகு எனக்கே நிச்சயதார்த்தம், அதே மண்டபத்தில். பெண்ணின் அப்பா யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜோசியர் ஒரு வாரம் தள்ளச் சொன்னார். நானே சிஸ்டத்தில் மாற்றினேன். திரையில் ‘நன்றி’ வந்தது.

“எழுத்தில ஏதும் தந்தவையோ தம்பி?” என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

“எதுக்கு அங்கிள்? சிஸ்டமே என்னோடதுலா.”

நிச்சயதார்த்தத்தன்று காலை பந்திங்கிலிருந்து ஒரு பஸ் நிறைய உறவினரோடு, சீர்த்தட்டுகளுடன் போய் இறங்கினோம். வாசலில் வேறு யாரோ மணமக்களின் பெயர். உள்ளே நாதஸ்வரம்.

சரோஜா ஆன்டி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். “இன்னிக்கு இவங்க ரொம்ப முன்னாடியே புக் பண்ணிட்டாங்க தம்பி. உங்க பேரு எந்தத் தேதியிலயும் இல்லையேலா!”

“இந்த சிஸ்டத்தை ஆர் செய்தது?” என்றார் பெண்ணின் அப்பா.

ஆன்டி பெருமையாக என்னைக் காட்டினார். “இவருதாண்ணே! இத்தன நாள்ல ஒரு எர்ரர்கூட வந்ததில்ல!”

பெண்ணின் அப்பா கார் சாவியை எடுத்தார். பெண்ணும் போயிற்று, மானமும் போயிற்று என்றே நினைத்தேன். காப்பாற்றியது, உள்ளே நடந்துகொண்டிருந்த கல்யாணத்துப் பெண்ணின் அப்பாதான். “நல்ல நேரத்த ஏன் விடுறீங்க? சாப்பாட்டு ஹால் பின்பக்கம் சும்மாதான் கிடக்கு, அங்க வச்சிக்கிங்க பாஸ்.” சாம்பார் வாளிகளுக்கு நடுவே மோதிரம் மாற்றிக்கொண்டோம்.

கல்யாணம் நடந்தது. (மண்டபத்தை மாமனாரே புக் செய்தார், எழுத்தில்.) மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து முதல் போன் அவருக்குத்தான்.

“மாமா, பொம்பளப் பிள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!”



“நல்ல சந்தோசம் தம்பி. ஃபோனை ஒருக்கா நர்ஸிட்டக் குடுங்கோ.”